பயாப்சி ரிப்போர்ட்டின் கடைசி வரி

ஸ்டாஃப் ரூமில் காபி குடித்துக்கொண்டிருந்தேன். எதிரில் இருந்த தமிழாசிரியை என் கழுத்தையே பார்த்துவிட்டுக் கேட்டார். "டீச்சர், முழுங்குறப்ப இங்க ஏதோ ஏறி இறங்குதே, கவனிச்சீங்களா?" நான் கவனித்திருக்கவில்லை. 2019 ஆகஸ்ட் மாதம். எனக்கு அப்போது 41 வயது. திண்டுக்கல்லில் ஒரு பள்ளியில் ஒன்பதுக்கும் பத்துக்கும் கணக்கு எடுக்கிறேன். எந்நேரமும் கத்திக்கொண்டிருக்கும் தொண்டை, அதில் ஏறி இறங்குவதற்கு என்ன இருக்கிறது என்று அன்று சிரித்துவிட்டேன்.

அடுத்த மூன்று வாரங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், அதில் புதிதாக ஒன்றுமில்லை. மதுரையில் ஸ்கேன் எடுத்தோம். ஊசி குத்தி எடுத்துப் பார்த்ததில் 'பெதஸ்டா 6' என்று வந்தது. அந்த வரிசையில் 1 முதல் 6 வரை உண்டு, 6 என்றால் புற்றுநோய் என்பது ஏறக்குறைய உறுதி. செப்டம்பரில் தைராய்டு முழுவதையும், அதை ஒட்டியிருந்த நிணநீர்க் கணுக்களையும் எடுத்தார்கள். மறுநாள் உதடும் விரல் நுனியும் மரத்து, எறும்பு ஊர்வது போல இருந்தது. கால்சியம் இறங்கிவிட்டது என்றார்கள். தைராய்டுக்குப் பின்னால் நான்கு பாராதைராய்டு சுரப்பிகள் அரிசி மணி அளவுக்கு ஒட்டிக்கொண்டிருக்கும், அறுவையில் அவை அதிர்ந்துபோய்ச் சில வாரம் வேலை செய்யாமல் இருப்பது வழக்கம்தானாம். குரல்தான் எனக்குப் பெரிய பயம். இரண்டு மாதம் கரகரவென்று இருந்துவிட்டுத் திரும்பி வந்தது.

நான் எழுத உட்கார்ந்தது இதற்காக இல்லை, பத்து நாள் கழித்துக் கையில் கிடைத்த பயாப்சி ரிப்போர்ட்டுக்காக.

மூன்று பக்கம். தைராய்டுப் புற்றுநோயில் பாப்பில்லரி என்ற வகை. வலப்பக்கம், 2.4 சென்டிமீட்டர். சுரப்பியின் உறையைத் தாண்டவில்லை. எடுத்த 14 கணுக்களில் 7-இல் நோய், அதில் பெரியது 9 மில்லிமீட்டர். அறுவை செய்த டாக்டர் முதல் இரண்டு பக்கத்தைப் பேனாவால் தொட்டுத் தொட்டு விளக்கினார். "ஸ்டேஜ் ஒண்ணுதான்மா, பயப்படாதீங்க. ஆனா திரும்ப வர்ற ரிஸ்க் நடுத்தரம். கணு அஞ்சுக்கு மேல இருக்கு. கதிரியக்க அயோடின் குடுத்துடலாம், மிச்சமிருக்கற தைராய்டு செல்லை அது அழிச்சுடும்."

அங்கேயே எனக்கு ஒரு குழப்பம். ஏழு கணுவில் பரவியும் எப்படி முதல் ஸ்டேஜ்? இதைப் புரிந்துகொள்ளவே எனக்கு ஒரு மாதம் ஆனது. இந்த நோயில் இரண்டு கணக்கு தனித்தனியாக ஓடுகிறது. ஸ்டேஜ் என்பது உயிருக்கு ஆபத்து எவ்வளவு என்ற கணக்கு. அதில் வயது பெரிய பங்கு வகிக்கிறது. 55 வயதுக்குக் கீழே இருந்து, நுரையீரல், எலும்பு என்று தூரத்தில் போகாமல் இருந்தால், கழுத்தில் எத்தனை கணு இருந்தாலும் ஸ்டேஜ் 1தான். ரிஸ்க் என்பது வேறு, அது நோய் மறுபடி தலைகாட்டுமா என்ற கணக்கு. அமெரிக்கத் தைராய்டு சங்கம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதலைத்தான் என் டாக்டர்கள் கையில் வைத்திருந்தார்கள். அதன்படி திரும்ப வரும் வாய்ப்பு 5 சதவீதம் வரை என்றால் குறைவு, 5 முதல் 20 வரை நடுத்தரம், 20-க்கு மேல் அதிகம். ஐந்து கணுவுக்கு மேல் நோய் இருந்தால் 20 சதவீதத்தை ஒட்டி வைத்திருந்தார்கள். அப்படியானால் நான் நடுத்தரத்தின் மேல் விளிம்பில் உட்கார்ந்திருந்தேன். சாக வாய்ப்பு மிகக் குறைவு, மறுபடி கழுத்தைத் திறக்க வாய்ப்பு ஐந்தில் ஒன்று. இரண்டையும் ஒரே மூச்சில் கேட்டால் யாருக்குத்தான் புரியும்?

மூன்றாம் பக்கத்தை டாக்டர் தொடவில்லை. அதன் கடைசி வரியில் 'பிராஃப் வி600ஈ: பாசிட்டிவ்' என்று இருந்தது.

வீட்டுக்கு வந்து எல்லாரும் தூங்கிய பிறகு அந்த ஒரு வரியைத் தேடினேன். தேடியிருக்கக் கூடாது என்று சொல்ல மாட்டேன், ராத்திரி பதினோரு மணிக்குத் தேடியிருக்கக் கூடாது. 'மூர்க்கமானது', 'அயோடினுக்கு அடங்காது', 'திரும்ப வரும்' என்று வரிசையாக வந்தன. பக்கத்தில் 13 வயது மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். மரபணு என்ற சொல்லைப் படித்ததும் அவள் கழுத்தைத்தான் முதலில் பார்த்தேன்.

அந்த வரியின் அர்த்தம் எனக்கு இப்போது தெரியும், ஆகவே சொல்கிறேன். நம் ஏழாவது குரோமோசோமில் பிராஃப் என்றொரு மரபணு இருக்கிறது. வெளியிலிருந்து 'வளர்' என்று கட்டளை வந்தால் அதைச் செல்லுக்குள் கடத்திவிடும் புரதம் அதிலிருந்து உருவாகிறது. அந்த மரபணுவில் 1799-ஆம் இடத்தில் ஒரே ஓர் எழுத்து மாறிப்போகிறது, டி இருக்க வேண்டிய இடத்தில் ஏ. அதனால் புரதத்தில் 600-ஆவது இடத்தில் வேலின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் குளூட்டாமிக் அமிலம் வந்து உட்காருகிறது. வி600ஈ என்பது இதன் சுருக்கெழுத்து. விளைவு, காலிங் பெல் பித்தான் உள்ளேயே மாட்டிக்கொண்ட மாதிரி. வாசலில் ஆள் இல்லை, மணி மட்டும் ஓயாமல் அடிக்கிறது, செல் வளர்ந்துகொண்டே இருக்கிறது. கூடவே, அயோடினை உள்ளே இழுக்கும் வாயிலும் சுருங்கிப்போகிறது. அயோடினுக்கு அடங்காது என்று படித்தது இதைத்தான். முழுப் பொய்யில்லை, முழு உண்மையும் இல்லை.

ஆனால் அன்று ராத்திரி யாரும் எனக்குச் சொல்லாத விஷயம், பாப்பில்லரி வகைக் கட்டிகளில் பாதிக்கு மேல் இந்த மாற்றம் இருக்கும் என்பது. 2014-இல் அமெரிக்காவின் பெரிய புற்றுநோய் மரபணுத் திட்டத்தில் 496 கட்டிகளை ஆராய்ந்தபோது ஏறத்தாழ 60 சதவீதத்தில் இது இருந்தது. வகுப்பில் பாதிப் பேருக்கு மேல் இருக்கும் ஒரு அடையாளத்தை வைத்து யார் ஃபெயிலாவார் என்று எப்படிச் சொல்வது?

அடுத்து அயோடின். டிசம்பரில் கொடுத்தார்கள். அதற்கு முன் ஒரு மாதம் தைராய்டு மாத்திரையை நிறுத்தி வைத்தார்கள். தைராய்டைத் தூண்டும் டி.எஸ்.எச். ஹார்மோன் 30-க்கு மேல் ஏறினால்தான் மிச்சமிருக்கும் செல்கள் அயோடினுக்கு ஏங்கி நிற்குமாம். அந்த மாதம் நான் நானாக இல்லை. மார்கழிக் குளிர் திண்டுக்கல்லில் என்ன பெரிய குளிர், ஆனால் ஸ்வெட்டரும் சாக்ஸும் போட்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் முடிவதற்குள் அம்மா வேறு வேலைக்குப் போய்விடுவார். கடைசி இரண்டு வாரம் அயோடின் இல்லாத சாப்பாடு. பால், தயிர், முட்டை, மீன், கடைப் பண்டம், ஊறுகாய் எதுவும் கிடையாது. இந்தியாவில் 2006 முதல் அயோடின் கலக்காத உப்பைச் சாப்பாட்டுக்கு விற்கத் தடை. அதனால் மருத்துவமனையே கலக்காத உப்பைப் பொட்டலமாகக் கொடுத்தது. தூத்துக்குடி மாமா உப்பளத்திலிருந்து ஒரு மூட்டை அனுப்பட்டுமா என்று கேட்டார். கடல் உப்பு வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாமாவுக்கு இன்னும் அதில் வருத்தம்.

கதிரியக்க அளவு 100 மில்லிகியூரி. தண்ணீர் மாதிரி இருந்தது, ஒரே மடக்கு. கனத்த சுவரும் தனிக் கழிவறையும் உள்ள அறையில் மூன்று நாள். ஃபோனைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுத்தார்கள். சாப்பாட்டை வாசலில் வைத்துவிட்டு ஓடிவிடுவார்கள். உமிழ்நீர்ச் சுரப்பிக்காகப் புளிப்பு மிட்டாயைச் சப்பிக்கொண்டே குடம் குடமாகத் தண்ணீர் குடித்தேன். கதிரியக்கத்தை அளக்கும் கருவியோடு ஒருவர் தூரத்தில் நின்று பார்த்துவிட்டுத் தலையாட்டினால் வீட்டுக்குப் போகலாம். வீட்டிலும் மகளிடமிருந்து ஒரு வாரம் தள்ளி இருக்க வேண்டும். நான்கு மாதம் கழித்து ஊரே தனித்திருந்தபோது, நான் ஏற்கெனவே பயிற்சி எடுத்தவள் என்று அவள் சொல்வாள்.

ஒரு வாரம் கழித்து எடுத்த முழு உடல் ஸ்கேனில் கழுத்தில் மட்டும் வெளிச்சம். வேறெங்கும் இல்லை. அப்படியென்றால் கழுத்தில் மிச்சமிருந்த தைராய்டுச் செல்கள் அயோடினைக் குடித்திருக்கின்றன. 'அடங்காது' என்று நான் படித்த வாசகத்தில் பாதி அன்றே கழன்று விழுந்தது போல எனக்குத் தோன்றியது.

அணு மருத்துவப் பிரிவு டாக்டரிடம்தான் மூன்றாம் பக்கத்தை நீட்டினேன். நிதானமானவர். நான் முதலில் கேட்டது மகளைப் பற்றி. "இது உங்க கட்டிக்குள்ள மட்டும் நடந்த மாற்றம்மா. உங்க ரத்தத்துல இல்ல, கருமுட்டைல இல்ல. கட்டியோட அதுவும் வெளிய வந்துடுச்சு." பள்ளிப் புத்தகத்தில் சடுதி மாற்றம் என்று ஒரே பெயரில் நடத்துகிறோம். பிறக்கும்போதே எல்லாச் செல்லிலும் இருப்பது ஒன்று, வாழும்போது ஒரு செல்லில் நடப்பது இன்னொன்று. தைராய்டிலேயே மெடுல்லரி என்று அரிதான வகை உண்டு. அதில் நாலில் ஒரு பங்கு பரம்பரையாக வருவது, ரெட் என்ற மரபணு வழியாக. அந்த வகை வந்தால் பிள்ளைகளுக்கும் ரத்தப் பரிசோதனை செய்வார்கள். என்னுடையது அது இல்லை. இந்த ஒரு பதிலுக்காகவே அன்று மதுரைக்குப் போனது தகும்.

பிறகு ஒரு ஆய்வுக் கட்டுரையின் எண்களை அவர் முன் வைத்தேன். பால்டிமோரில் உள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸில் 507 நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்து 2014-இல் வெளியிட்டது. பிராஃப் மாற்றம் இருந்த 194 பேரில் 50 பேருக்கு நோய் திரும்பியது, அதாவது 25.8 சதவீதம். இல்லாத 313 பேரில் 30 பேருக்கு, 9.6 சதவீதம். இரண்டரை மடங்குக்கும் மேல். இதைப் பார்த்துத்தான் நான் தூக்கம் கெட்டிருந்தேன்.

அவர் அதே கட்டுரையின் இன்னொரு வரியைக் காட்டினார். டெர்ட் என்று இன்னொரு மரபணு. செல் ஒவ்வொரு முறை பிரியும்போதும் குரோமோசோமின் நுனி கொஞ்சம் தேயும், தேய்ந்து தேய்ந்து ஒரு கட்டத்தில் நின்றுவிடும். அந்த நுனியை ஒட்டவைக்கும் நொதியை டெர்ட் தயாரிக்கிறது. வளர்ந்த செல்களில் அது பெரும்பாலும் உறங்கிக் கிடக்கும். அதன் முன்வாசலில், சி228டி, சி250டி என்ற இரண்டு இடங்களில் ஒன்று மாறினால் விழித்துக்கொள்ளும். செல்லுக்குச் சாவே இல்லாமல் போகும். பிராஃப் அடிக்கும் ஓயாத மணி இந்தப் புது வாசல் வழியாக டெர்ட்டை இன்னும் உசுப்பிவிடுமாம். தனித்தனியாக இருக்கும்போது இல்லாத வீரியம், சேர்ந்தால் வருகிறது. இரண்டும் சேர்ந்திருந்தவர்கள் 507 பேரில் 35 பேர்தான். அவர்களில் 24 பேருக்குத் திரும்பியிருந்தது, 68.6 சதவீதம். இரண்டும் இல்லாத 287 பேரில் 25 பேருக்கு, 8.7.

பஸ்ஸில் திரும்பி வரும்போது ரிப்போர்ட் உறையின் பின்பக்கத்தில் கழித்துப் பார்த்தேன். கட்டுரை ஏன் இதை முன்னால் போடவில்லை என்று கோபமாகக்கூட இருந்தது. பிராஃப் இருந்த 194 பேரில் இரண்டும் இருந்த 35 பேரை எடுத்துவிட்டால் மிச்சம் 159. திரும்பிய 50 பேரில் அந்த 24 பேரை எடுத்தால் 26. ஆக பிராஃப் மட்டும் இருந்தவர்களுக்கு 16 சதவீதம் சொச்சம். 25.8 என்று என்னைப் பயமுறுத்திய எண்ணில் பாதியளவு பாரம் அந்த 35 பேருடையது. என் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சராசரி நடத்தும்போது 'கூட்டத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று பிரித்துப் பார்' என்று வருடா வருடம் சொல்கிறேன். எனக்கு வந்தபோது மறந்துவிட்டேன்.

அந்த 16-க்கும் 8.7-க்கும் உள்ள இடைவெளியையும் அப்படியே பிராஃப் தலையில் கட்ட முடியாது என்று அடுத்த முறை டாக்டர் சொன்னார். பிராஃப் உள்ள கட்டிகளில் கணுவில் பரவுவதும் உறையைத் தாண்டுவதும் அதிகம். அவற்றைத்தான் ஏற்கெனவே எண்ணிவிட்டோமே! 1849 பேரை வைத்து 2013-இல் வந்த ஆய்வில் பிராஃப் உள்ளவர்களில் இறப்பு 5.3 சதவீதம், இல்லாதவர்களில் 1.1. ஆனால் கணு, உறை தாண்டுதல், தூரப் பரவல் இவற்றைக் கணக்கில் எடுத்துக்கொண்டதும் அந்த வித்தியாசம் உறுதியாகச் சொல்ல முடியாத அளவுக்கு மங்கிவிட்டது. எங்கள் பள்ளியில் முதல் பஸ்ஸில் வரும் பிள்ளைகள் சராசரியாக மார்க் குறைவாக எடுப்பார்கள். பஸ் காரணமில்லை. அந்த ஊர்களில் சொல்லிக்கொடுக்க வீட்டில் ஆள் இல்லை. அப்படித்தான் இதுவும். எனக்கு ஏழு கணு என்பது தெரிந்துவிட்ட பிறகு, பிராஃப் பெரிதாகக் கூட்டுவதற்கு ஒன்றுமில்லை.

"டெர்ட் பார்க்கணுமா?" என்று கேட்டேன். "கட்டாயம் இல்லை" என்றார். "இருந்தா என்ன மாத்துவீங்க?" என்றேன். இந்தக் கேள்வியை எந்தப் பரிசோதனைக்கு முன்னும் கேட்கலாம். அவர் மழுப்பவில்லை. டெர்ட் இருந்தால், திரும்ப வரும் ரிஸ்க்கைப் படிப்படியாகக் காட்டும் வழிகாட்டுதலின் படத்தில் 40 சதவீதத்துக்கு மேலே போய்விடுவேன். மாத்திரையைக் கூட்டி டி.எஸ்.எச்.சை 0.1-க்குக் கீழே அழுத்தி வைப்பார்கள், ஸ்கேன்கள் நெருக்கமாக வரும், சந்தேகம் வந்தால் பெட் ஸ்கேனுக்குத் தயங்க மாட்டார்கள். இல்லையென்றால் இப்போது போட்டிருக்கும் திட்டமே ஓடும். பிராஃபை மருத்துவமனையிலேயே சாயம் ஏற்றிப் பார்த்துவிட்டார்கள், டெர்ட்டுக்கு மரபணு எழுத்துகளைப் படித்தாக வேண்டும். காப்பீட்டில் வராது. என் மாதச் சம்பளத்தில் ஒரு நல்ல துண்டு. வீட்டில் பேசினோம். "தெரியாம இருந்தா நீ தூங்க மாட்டே, அதுக்குக் குடுக்குற காசுன்னு வெச்சுக்கோ" என்றார் கணவர். சரி என்று இறங்கினோம்.

இறங்கிய பிறகுதான் பிளாக் என்ற ஒன்றைப் பற்றித் தெரிந்தது. அறுவையில் எடுத்த திசுவைத் துண்டு துண்டாக மெழுகில் பதித்து, எண் போட்டு, பயாப்சி செய்த இடத்தில் வைத்திருப்பார்கள். மரபணுப் பரிசோதனைக்கு அந்த மெழுகுக் கட்டைதான் வேண்டும். போனால் கொடுத்துவிடுவார்கள் என்று நினைத்தேன். முதல் முறை டாக்டர் கடிதம் இல்லை என்று திருப்பினார்கள். இரண்டாவது முறை கடிதம் இருந்தது, கொடுக்கும் அதிகாரம் உள்ளவர் லீவு. மூன்றாவது முறை கையெழுத்து, கட்டணம், அடையாள அட்டை நகல் எல்லாம் கொடுத்து ஒரு சின்னக் கவரில் வாங்கினேன். பெருவிரல் அகலம்கூட இல்லை. என் கழுத்துக்குள் இருந்தது மெழுகுக்குள் பழுப்பாகத் தெரிந்தது. பஸ்ஸில் கைப்பையை மடியில் அணைத்துக்கொண்டு வந்தேன், வெயிலில் உருகிவிடுமோ என்று.

பெங்களூருக்குப் போனது. மூன்று வாரம் கழித்து ஒரு பக்கக் கடிதம் வந்தது: 'போதிய கட்டித் திசு இல்லை.' அன்றுதான் அந்த மூன்று பக்கத்தை மறுபடி எடுத்து, யாரும் படிக்காத ஒரு பத்தியைப் படித்தேன். எந்தக் கட்டையில் எது இருக்கிறது என்ற பட்டியல். ஏ1 முதல் ஏ4 வரை கட்டி. ஏ9 இடப்பக்க ஆரோக்கியமான சுரப்பி. எனக்குக் கொடுத்தது ஏ9! கவுன்டரில் இருந்தவர் கைக்கு வந்ததை எடுத்துக் கொடுத்திருக்கிறார். நானும் பார்க்காமல் வாங்கி வந்திருக்கிறேன். எனக்கு வந்த கோபத்தில் பாதி என் மேல்தான். இந்த வழியில் போகிறவர்கள் ஒன்று செய்யுங்கள். கடிதத்திலேயே கட்டை எண்ணை டாக்டரை எழுதச் சொல்லுங்கள், கவரை வாங்கும்போது எண்ணை ஒப்பிட்டுப் பாருங்கள், லேப் திருப்பி அனுப்பும் கட்டையை மருத்துவமனையில் ஒப்படைத்து ரசீது வாங்கி வையுங்கள். பின்னால் என்றைக்காவது வேறு பரிசோதனை தேவைப்பட்டால் அதுதான் இருக்கும் ஒரே சரக்கு.

2020 மார்ச் இரண்டாம் வாரம் ஏ2 கிளம்பியது. 25-ஆம் தேதி நாடே மூடிக்கொண்டது. கூரியர் எங்கே நிற்கிறது என்று தெரியவில்லை. லேபில் ஃபோன் எடுக்க ஆள் இல்லை. ஏப்ரல் போனது, மே போனது. அந்த இரண்டரை மாதத்தில் ஒரு விசித்திரம். ஊரெல்லாம் வேறொரு பயத்தில் இருந்ததால் என் பயம் எனக்கே சின்னதாகிவிட்டது. மாடியில் மகளோடு பட்டம் விட்டேன். ஆன்லைனில் முக்கோணவியல் எடுத்தேன். குரல் முழுசாகத் தெளிந்தது அந்த நாட்களில்தான்.

ஜூனில் மெயிலில் வந்தது. பிராஃப் வி600ஈ கண்டறியப்பட்டது, 31 சதவீதம். டெர்ட் சி228டி, சி250டி கண்டறியப்படவில்லை. அந்த 31-ஐப் பார்த்து அம்மா கலங்கினார், அதுதான் திரும்ப வரும் சதவீதம் என்று நினைத்து. அது இல்லை. படித்த மரபணுப் பிரதிகளில் மாறியவை எத்தனை என்ற கணக்கு அது. கட்டிச் செல்லின் இரண்டு பிரதிகளில் ஒன்றுதான் மாறியிருக்கும், நடுவில் நல்ல செல்களும் கலந்திருக்கும். கட்டையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கட்டிச் செல் இருந்தது என்று வேண்டுமானால் அதிலிருந்து ஊகிக்கலாம். ஆக இந்தத் தடவை சரியான கட்டையைத்தான் அனுப்பியிருந்தோம். எனக்கு அதுவும் ஒரு நிம்மதி.

டெர்ட் இல்லை என்றதும் எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். ஃபோனில் டாக்டர் பேசிய விதத்தில் கொண்டாட்டம் எதுவும் இல்லை. "நல்லது. ஆகஸ்ட்ல டி.ஜி. பாருங்க." டி.ஜி. என்றால் தைரோகுளோபுலின். தைராய்டுச் செல் மட்டுமே தயாரிக்கும் புரதம். சுரப்பியையே எடுத்துவிட்ட உடம்பில் அது இருக்கக் கூடாது. இருந்தால் எங்கோ ஒரு செல் உயிரோடு இருக்கிறது. அதோடு அதற்கு எதிரான எதிர்ப்பொருளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் டி.ஜி. பொய்யாகக் குறைந்து தெரியலாம். ஆகஸ்டில் 0.4 நானோகிராம். 0.2-க்குக் கீழே இருந்தால் அருமை என்பார்கள், ஒன்றைத் தாண்டினால் கவலை. நான் இரண்டுக்கும் நடுவில், தீர்மானிக்க முடியாத வகையில். அந்த வார்த்தை எனக்குப் பிடிக்கவே இல்லை. ஒரு கணக்குக்கு விடை 'தீர்மானிக்க முடியாது' என்று எழுதினால் நான் பாதி மார்க்தான் போடுவேன்.

2021 பிப்ரவரியில் 0.2-க்குக் கீழே போனது. ஜூனில் ஸ்கேன் எடுத்தபோது இடப்பக்கக் கழுத்தின் அடியில் 7 மில்லிமீட்டருக்கு ஒரு கணு. நோய் இருந்தது வலப்பக்கம். ஆனாலும் பிராஃப், அயோடினுக்கு அடங்காது, திரும்ப வரும் எல்லாம் ஒரே நொடியில் தலைக்குள் திரும்பி வந்துவிட்டன. ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி: "கொரோனா ஊசி எப்ப போட்டீங்க? எந்தக் கை?" போட்டு இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது, இடது கை. ஊசி போட்ட பக்கத்தில் அக்குளிலும் கழுத்தடியிலும் கணு வீங்குவது சாதாரணம் என்றார். அப்படி இல்லாவிட்டாலும் 8, 10 மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால் ஊசி குத்தாமல் பொறுத்துப் பார்ப்பதுதான் முறையாம். "குத்திப் பாத்துடலாம் சார்" என்று நான்தான் அடம்பிடித்தேன். அவர் மசியவில்லை. மூன்று மாதம் கழித்து 4 மில்லிமீட்டர். அதற்கடுத்த முறை ஸ்கேன் செய்தவர் அதைக் குறிப்பிடவே இல்லை.

அந்த டிசம்பரில், அயோடின் குடித்து இரண்டு வருடம் ஆனபோது, டாக்டர் என் கோப்பின் மேல் எழுதியிருந்த 'நடுத்தரம்' என்பதை அடித்துவிட்டுப் பக்கத்தில் 'அருமையான பலன்' என்று எழுதினார். டி.ஜி. அடங்கி, ஸ்கேனும் சுத்தமாக இருந்தால், தொடக்கத்தில் நடுத்தரம் என்றிருந்தவர்களுக்கும் திரும்ப வரும் வாய்ப்பு 1 முதல் 4 சதவீதத்துக்கு இறங்கிவிடுகிறது. ஆரம்ப ரிஸ்க் என்பது அறுவை முடிந்த அன்றைய ஊகம். உடம்பு சிகிச்சைக்கு என்ன பதில் சொல்கிறது என்பதை வைத்து ஒவ்வொரு முறையும் அதைத் திருத்தி எழுதுகிறார்கள். இதை முதல் நாளே யாராவது சொல்லியிருக்கலாம். பிராஃபும் சரி, கணுவும் சரி, முதல் நாள் எண்ணுக்குள் அடக்கம். அதற்குப் பிறகு பேசுவது டி.ஜி.யும் ஸ்கேனும்.

மாத்திரையையும் குறைத்தார். அதுவரை டி.எஸ்.எச்.சை 0.1-க்கும் 0.5-க்கும் நடுவில் அழுத்தி வைத்திருந்தோம். அதற்கு விலை உண்டு. படபடப்பு, விடிகாலை மூன்று மணி விழிப்பு, காரணமில்லாத எரிச்சல். பத்தாம் வகுப்பு 'பி' பிரிவிடம் கேட்டால் சொல்வார்கள். இப்போது 0.5 முதல் 2 வரை இருந்தால் போதும். காலையில் வெறும் வயிற்றில் மாத்திரை போட்டுவிட்டு, ஃபில்டரில் டிகாக்‌ஷன் இறங்கும் வாசத்தோடு ஒரு மணி நேரம் காபிக்குக் காத்திருப்பது மட்டும் மாறவில்லை. ஆறு வருடமாகியும் பழகவில்லை.

போன மாதம் ஒரு பழைய மாணவி கூப்பிட்டாள். இருபத்தெட்டு வயது, கோயம்புத்தூரில் வேலை. அழுதுகொண்டே பேசினாள். "டீச்சர், எனக்கும் அதே வந்துருக்கு. பிராஃப் பாசிட்டிவ்னு போட்டுருக்கு டீச்சர், கடைசி வரில."

"கட்டி எத்தனை மில்லி?"

"அது... ஏழு."

"உறையைத் தாண்டியிருக்கா? கணு?"

தாள் புரளும் சத்தம் கேட்டது. தாண்டவில்லை, எடுத்த கணு மூன்றிலும் ஒன்றுமில்லை, ஒரே ஒரு கட்டி. என்னிடம் இருந்த அதே வரிதான் அவளிடமும். ஆனால் அந்த 2015 வழிகாட்டுதலின் அதே படத்தில், ஒரு சென்டிமீட்டருக்குள் அடங்கிய ஒற்றைக் கட்டிக்கு, பிராஃப் இருந்தாலும் 1, 2 சதவீதம்தான். ஜப்பானில் கோபே நகரத்துக் குமா மருத்துவமனையில் 1993 முதல் இந்த அளவுக் கட்டிகளை, ஆபத்தான அறிகுறி இல்லாவிட்டால், அறுவைகூடச் செய்யாமல் வருடா வருடம் ஸ்கேன் எடுத்துக் கவனித்து வருகிறார்கள் என்பதையும் சொன்னேன். அவளுக்கு அறுவை முடிந்துவிட்டது. அதைச் சொல்லியிருக்க வேண்டாமோ என்று அப்புறம் தோன்றியது. பாதிச் சுரப்பிதான் எடுத்திருக்கிறார்கள், அயோடின் வேண்டாம் என்றிருக்கிறார்கள். அவளுடைய டாக்டர் சரியாகத்தான் போகிறார்.

டெர்ட் பார்க்க வேண்டுமா என்று கேட்டாள். "இருந்தா என்ன மாத்துவீங்கன்னு உன் டாக்டரைக் கேளு. மாத்த ஒண்ணும் இல்லன்னா காசை மிச்சம் பண்ணு" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "டீச்சர், உங்க குரல் அப்படியே இருக்கு" என்றாள்.

வைப்பதற்கு முன் ரிப்போர்ட்டில் பிளாக் எண்கள் எங்கே எழுதியிருக்கிறது என்று தேடிப் படிக்கச் சொன்னேன். ஏ1, ஏ2 என்றாள். ஏ3 சாதாரணத் திசுவாம். குறித்து வைத்துக்கொண்டாள்.